சூரை மீனும் படபடக்கும் இருதயமும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்வோரில், சூரைக் கறியோடு மதிய போசனம் முடித்த சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, இருதயம் அகாரணமாகப் படபடக்கக் கண்டவர், அதை மனக்கிலேசமென்று ஒதுக்குமுன் மீனையும் சந்தேகிப்பது உசிதம். உடனே ஐஸில் இடப்படாத சூரையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தை நுண்கிருமிகள் ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. மணத்தாலும் ருசியாலும் பெரும்பாலும் காட்டிக்கொடாததும், அடுப்பின் அக்கினிக்கும் அழியாததுமான அவ்வஸ்து இரத்தக் குழாய்களை விரிக்க, தாழும் அழுத்தத்தை ஈடுசெய்ய இருதயம் விரைகிறது.

க்ஷயரோகத்துக்காக ஐசோநயாசிட் உட்கொள்வோரிடம் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியம் தடைப்படுவதால், பிறருக்குத் தீங்கிழைக்காத மீனும் இவ்வுபத்திரவத்தைத் தரக்கூடுமென்பதை இலங்கை வைத்தியர் ஊரகொட 1977 இல் சகாவொருவருடன் எழுதி வெளியிட்டார். வழக்கமாகச் சில மணித்தியாலங்களில் தணியுமாயினும், மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் தாமதியாது வைத்தியசாலை சென்று, உண்ட மீனையும் உட்கொள்ளும் மருந்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.