லேபிளில் 3200, கையில் 2133

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் மாநிலம் முழுக்க 51 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் கைமாறின. செலவு ரூ. 7,200 கோடியைத் தாண்டியது. வகுத்தால் ஒன்றுக்குச் சுமார் 14,000 ரூபாய். முதல் சுற்றில் வந்தவற்றில் வட்டு 320 ஜிபி, ரேம் 2 ஜிபி.

பிள்ளை பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போனதும் அந்த 2 ஜிபி போதாமல் போனது. சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போய் இன்னொரு 2 ஜிபி வாங்கிச் செருகிவிட்டால் 4 ஜிபி ஆகிவிடும் என்பதுதான் எல்லா வீட்டிலும் போட்ட கணக்கு. கூட்டல் சரி, விடை தவறு. அந்தக் கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஸ்டார்ட்டர் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த உச்சவரம்பே 2 ஜிபி. எத்தனை செருகினாலும் விண்டோஸ் 2 ஜிபிக்கு மேல் தொடாது. செலவழித்த பணத்தைக் கூடுதலாகக் கிடைத்த ஜிபியால் வகுக்கலாம் என்று போனால் வகுக்கும் எண் பூஜ்ஜியமாக நிற்கிறது. அதே கணினியை மறுபடி கிளப்பி பாஸ் லினக்ஸில் திறந்தால் இந்த உரிமக் கட்டுப்பாடு கிடையாது. சென்னை சி-டாக் உருவாக்கிய அந்த இயங்குதளத்தைப் பல வீடுகளில் ஒருமுறைகூடத் திறக்கவில்லை என்பது வேறு கதை.

ஸ்டார்ட்டரை அழித்துவிட்டு வேறு 32-பிட் விண்டோஸ் போட்டவர்களுக்கு அடுத்த தடை. 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் 4,29,49,67,296. அதாவது 4 ஜிபி. அதிலும் ஒரு பகுதியைத் திரையும் மற்ற உறுப்புகளும் எடுத்துக்கொள்ள, கைக்கு வருவது 3 முதல் 3.5 ஜிபி வரை. விண்டோஸ் 7 ஹோம் பேசிக்கின் 64-பிட் பதிப்பு 8 ஜிபி வரை ஏற்கும், ஹோம் பிரீமியம் 16 வரை. ஆகவே ரேம் வாங்கும் கணக்கில் முதல் வரி ரேமைப் பற்றியதே அல்ல. எந்த இயங்குதளம், எத்தனை பிட் என்பதுதான் முதல் வரி.

இவ்வளவு மெனக்கெட்டு ரேமைக் கூட்டுவது எதற்கு? ரேம் நிரம்பியதும் கணினி வட்டில் எழுதிப் படிக்க ஆரம்பிக்கிறது. நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் வட்டில், தேவையான இடம் படிக்கும் முனைக்குக் கீழே வரக் காத்திருக்கும் அரைச் சுற்றுக்கே 5.56 மில்லி வினாடி ஆகும். டிடிஆர்3 1600 ரேமில் கேட்ட தரவு கிளம்பக் காத்திருக்கும் நேரம் 13.75 நானோ வினாடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 4 லட்சம் மடங்கு. பிரவுசரில் ஐந்தாவது டேபைத் திறந்ததும் கணினி உறைந்து நிற்பது இந்த 4 லட்சத்தால்தான். ரேமின் அளவைக் கூட்டினால் கிடைக்கும் லாபத்தோடு ஒப்பிட்டால், ரேமின் வேகத்தைக் கூட்டினால் கிடைப்பது சில்லறை. கடையில் பேச்சு முழுக்க வேகத்தைப் பற்றியே நடப்பது ஏன் என்று எனக்கு விளங்கியதில்லை.

பொருந்துமா பொருந்தாதா என்பதற்கும் எண்கள் போதும். மடிக்கணினி ரேமில் டிடிஆர்3 ரகத்துக்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. வெட்டு இருக்கும் இடமும் மாறும். ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று இறங்காது. பின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் ஏமாற்றுவது மின்னழுத்தம். பழைய டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், பின்னால் வந்த டிடிஆர்3எல்-லுக்கு 1.35. ஐ3-4005யு, ஐ3-5005யு போன்ற நான்காம், ஐந்தாம் தலைமுறை மடிக்கணினிச் சில்லுகள் 1.35-ஐத்தான் கேட்கும். 1.5 வோல்ட் ரேம் குச்சி 204 பின்னோடு ஸ்லாட்டில் அழகாக உட்காரும்; திரை மட்டும் வராது. டிடிஆர்4-க்கு 1.2, டிடிஆர்5-க்கு 1.1 என்று வோல்ட் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய குச்சியைக் கழற்றி அதன் லேபிளைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

சென்னை மாதவரம் சரக்குந்து முனையத்தைச் சுற்றியுள்ள புக்கிங் ஆபீஸ், குடோன் அலுவலகங்களில் நிலவரம் வேறு. அங்கே மேசைக் கணினிகள். டேலி, இ-வே பில், நடுவில் வாட்ஸ்அப் என்று மூன்றே வேலைதான், ஆனால் காலையிலிருந்து இரவு வரை ஓட வேண்டும். இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3 சில்லோடு இரண்டு ஸ்லாட் உள்ள எச்61 போர்டுகள் இந்த வகை வேலைக்கு நீண்ட காலம் உழைக்கக்கூடியவை. டிடிஆர்3, 240 பின், 16 ஜிபி வரை. இவற்றுக்கு ரேம் தேடும்போது சந்தை விலையில் பாதிக்கு வரும் இரண்டு சரக்குகளில் கவனம் வேண்டும்.

ஒன்று, சர்வரிலிருந்து கழற்றியது. அதே 240 பின், அதே 1.5 வோல்ட், அதே 1600 பஸ். லேபிளில் பிசி3-12800 என்ற எண்ணுக்குப் பின்னால் ஆர் என்ற எழுத்து இருக்கும். நமக்கு வேண்டியது யு. ஆர் போட்டது சாதாரண மேசைக் கணினியில் வேலை செய்யாது. அந்த ஓர் எழுத்தால் போன பணம் முழுப் பணம்.

இன்னொன்று, ஏஎம்டி போர்டுகளுக்கு மட்டும் என்று விற்கும் டிடிஆர்3. விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதன் சில்லுகளின் அகலம். கணினிக்கு ஒரே நேரத்தில் 64 பிட் வேண்டும். வழக்கமான குச்சியில் 8 பிட் அகலச் சில்லுகள் எட்டு சேர்ந்து அந்த 64-ஐத் தரும். லேபிளில் 2ஆர்எக்ஸ்8 என்றிருந்தால் அப்படி இரண்டு வரிசை, ஆக 16 சில்லு. ஏஎம்டி மட்டும் என்ற சரக்கில் 4 பிட் அகலச் சில்லுகள் 16 சேர்ந்து ஒரே வரிசையாக 64 தரும். எண்ணிப் பார்த்தால் இரண்டிலும் 16. ஆனால் இன்டெல் போர்டு இரண்டாவதை ஏற்காது. இங்கே சில்லை எண்ணிப் பயனில்லை, அதன் மேலுள்ள மாடல் எண்ணைத் தேடிப் பார்ப்பதுதான் வழி. மற்ற நேரங்களில் எண்ணுவது நல்ல சோதனை: 2 கிகாபிட் சில்லு 16 என்றால் 32 கிகாபிட், எட்டால் வகுக்க 4 ஜிபி. வகுத்து வரும் விடையும் லேபிளும் ஒத்துப்போக வேண்டும்.

இனி அந்த வேக எண். டிடிஆர்4 3200 என்றால் உண்மையான கடிகாரம் 1,600 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் 3,200. சிபியு-இசட் போன்ற மென்பொருள் 1,600 என்று காட்டியதும் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். சண்டை போட வேண்டிய இடம் வேறு. ஐ3-6006யு சில்லு ஏற்கும் உச்ச வேகம் 2133. ஐ5-8250யு-வுக்கு 2400. 3200 குச்சி போட்டாலும் அந்த வேகத்துக்கு இறங்கித்தான் ஓடும். மாதவரம் அருகே மூலக்கடை சிக்னல் வரிசையில் எவ்வளவு உயர்ந்த ரக வண்டியானாலும், முன்னால் போகும் டிரெய்லரின் வேகத்தில்தான் போகும்.

ஒரு மடிக்கணினிக்கு, ஐ3-6006யு சில்லு, இரண்டு டிடிஆர்4 ஸ்லாட் என்று கொண்டு, பேரேடு போட்டால்:

3200 குச்சி ஒன்று, லேபிள்படி: வினாடிக்கு 25.6 ஜிபி
அதே குச்சி, இந்தச் சில்லில்: வினாடிக்கு 17 ஜிபி
2133 குச்சி ஒன்று: வினாடிக்கு 17 ஜிபி
2133 குச்சி இரண்டு, இரு ஸ்லாட்டிலும்: வினாடிக்கு 34.1 ஜிபி

முதல் வரி லேபிளோடு சரி; இரண்டாவதும் மூன்றாவதும் காசு கொடுத்து ஒரே இடத்தில் நிற்பவை. நாலாவது வரியில்தான் வரவு. 8 ஜிபி ஒரே குச்சியாக வாங்குவதைவிட 4 ஜிபி இரண்டாகப் போட்டால் பாதை இரட்டிப்பாகிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் வீடியோவிலேயே வித்தியாசம் தெரியும். பின்னால் 16 ஆக்கும் எண்ணமிருந்தால் மட்டும் 8 ஜிபி ஒற்றைக் குச்சி. காத்திருக்கும் நேரத்தையும் பாருங்கள்: டிடிஆர்3 1600, சிஎல் (காத்திருக்கும் துடிப்புகள்) 11 என்றால் 13.75 நானோ வினாடி. டிடிஆர்4 3200, சிஎல் 22 என்றால் அதே 13.75. டிடிஆர்5 4800, சிஎல் 40 என்றால் 16.67. 2007-இல் வந்த டிடிஆர்3-லிருந்து 2020-இல் வந்த டிடிஆர்5 வரை பாதை அகலமானது. முதல் வண்டி வந்து சேரும் நேரம் குறையவேயில்லை.

புராசசரின் வேகத்திலும் லேபிளுக்கும் கைக்கும் இடைவெளி புதிதல்ல. 2001-இல் வந்த ஏஎம்டி அத்லான் எக்ஸ்பி 1800+ ஓடியது 1.53 கிகாஹெர்ட்ஸில். பெயரிலுள்ள 1800 ஒப்பீட்டு எண், கடிகார எண் அல்ல. அந்தக் காலத்தில் குறைந்த வேகச் சில்லின் மேலெழுத்தைச் சுரண்டி அதிக வேகம் என்று அச்சடித்து விற்ற மோசடியும் உலகச் சந்தையில் இருந்தது. அதைச் சோதிக்கவே இன்டெல் தனி மென்பொருள் வெளியிட்டது. இன்று சுரண்ட வேண்டிய தேவையே இல்லை, விளம்பரமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஐ5-8250யு-வை 3.4 கிகாஹெர்ட்ஸ் என்று விற்பார்கள். அடிப்படை வேகம் 1.6. 3.4 என்பது சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும் கொஞ்ச நேரத்துக்கு. செலரான் என்4020-ல் இந்த இடைவெளி 1.1-க்கும் 2.8-க்கும் நடுவே. பழைய ஐ3-6006யு-வில் டர்போ கிடையாது, எழுதியதும் 2.0, ஓடுவதும் 2.0. நேர்மையான சில்லு என்று சொல்லலாம், வேகமான சில்லு என்று சொல்ல முடியாது.

பார்ப்பதற்குச் செலவில்லை. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு-வை அழுத்தினால் அடிப்படை வேகமும் அந்த நொடியின் வேகமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதே பக்கத்தில் மெமரியை அழுத்தினால் ரேமின் வேகம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் வரும். சும்மா இருக்கும்போது பார்க்கக் கூடாது. கனமான வேலை ஒன்றைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் அடிப்படை வேகத்துக்குக் கீழே இருந்தால் சில்லு சூட்டில் தன்னைத் தானே இறக்கிக்கொள்கிறது என்று பொருள். லாரிப் புழுதி அடங்காத தெருக்களில் விசிறியும் அலுமினியச் சீப்பும் அடைத்துக்கொள்வதுதான் முதல் சந்தேகம். வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே சிக்கி நின்றால் சார்ஜரைப் பாருங்கள். சில நிறுவனங்களின் மடிக்கணினிகள் தங்கள் அசல் சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் வேகத்தை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும். அங்கே எத்தனை ஜிபி ரேம் போட்டும் பயனில்லை.

விலை. ரேமுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வரிக்கு முந்தைய விலை 1,500 என்றால் வரி 270, கையிலிருந்து போவது 1,770. 8 ஜிபி குச்சியானால் ஜிபிக்கு 221 ரூபாய். பில் வேண்டாம் என்றால் அந்த 270 மிச்சம் என்பார்கள், கூடவே உத்தரவாதமும் போகும். 2025-இன் இறுதியில் இந்தக் கணக்கே ஆட்டம் கண்டது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கு வேண்டிய எச்பிஎம் ரகத்தில் ஒரு ஜிபி செய்ய, டிடிஆர்5-இல் மூன்று ஜிபி செய்யும் அளவு சிலிக்கான் தகடு செலவாகிறது. தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்ப, சாதாரண ரேமின் விலை மளமளவென ஏறியது. டிசம்பர் 3 அன்று ரேம் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம், 29 ஆண்டுகளாக நடத்திவந்த குரூஷியல் சில்லறை வணிகத்தை மூடுவதாக அறிவித்தது. சரக்கு அனுப்புவது 2026 பிப்ரவரி வரை என்றும் சொன்னது.

விலை ஏறிய நேரத்தில் பழைய கணினிக்குப் பணம் போடுவதா என்ற கேள்விக்கு இன்னொரு தேதி உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். ஐ3-6006யு வைத்திருப்பவர் ரேம் போட்டால் லினக்ஸுக்காகப் போடுகிறார் என்றே கொள்ள வேண்டும். அதற்கு 8 ஜிபி தாராளம். ஐ5-8250யு வைத்திருப்பவருக்கு 16 வரை போட நியாயம் இருக்கிறது. 2 ஜிபி காலத்து விலையில்லா மடிக்கணினிக்கு நான் என்றால் புதிதாக ஒரு ரூபாயும் போட மாட்டேன். நண்பர் கழற்றிப் போட்ட டிடிஆர்3 குச்சி சும்மா கிடைத்தால் போடலாம்.

எதை வாங்கினாலும் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள். சிவப்பில் ஒரு வரி வந்தாலும் குச்சி பழுது. ஒரே ஒரு பிழைதானே என்று வைத்துக்கொள்ளக் கூடாது. மாற்றித் தரும் கெடு எத்தனை நாள் என்பதைப் பில்லிலேயே கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.