500 ரிங்கிட்டில் ஒரு முதுகுப்பை

மலையேறுவது பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம் மாணவர்களிடையே இன்னும் இருக்கிறது. விடுமுறையில் நான்கு நாள் குனோங் தஹான் போகலாம் என்று நண்பர்கள் அழைத்தால், "என்னிடம் பொருள் எதுவும் இல்லையே" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பேரங்காடியில் ஒரு முதுகுப்பையின் விலையைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இயல்பானதுதான். இன்னொரு சாரார் இதற்கு நேர்மாறானவர்கள். புத்தகப்பையில் இரண்டு பருத்திச் சட்டைகளையும் ஒரு ஜீன்ஸையும் திணித்துக்கொண்டு, "பார்த்துக்கொள்ளலாம்" என்று புறப்பட்டுவிடுகிறார்கள். முன்னவர்கள் இழப்பது ஒரு நல்ல அனுபவத்தை. பின்னவர்கள் இழக்கக்கூடியது அதைவிடப் பெரிது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. கையில் 500 ரிங்கிட் இருக்கும் மாணவர் ஒருவர், மூன்று இரவுகள் காட்டில் பாதுகாப்பாகத் தங்கி வருவதற்கு எதை வாங்க வேண்டும், எதை இரவல் கேட்க வேண்டும், எதை வாங்கவே கூடாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மலைகளின் குணம்

பயணப் பொருள்களைப் பற்றிய நூல்களும் பட்டியல்களும் பெரும்பாலும் பனி பெய்யும் நாடுகளிலிருந்து வருபவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் பணம் வீணாகும். நம் காடுகளில் நாம் சந்திக்கப்போவது மழை, சேறு, வேர், ஆறு, அட்டை ஆகியவற்றையே. ஒரே வரியில் சொன்னால், நமக்கு எதிரி ஈரம்.

அதற்காகக் குளிரே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரமான குனோங் தஹானின் உயரம் 2,187 மீட்டர். அடிவாரத்தில் பகலில் 32 பாகை என்றால், உச்சியில் அதே நேரத்தில் 18 பாகையை ஒட்டியே இருக்கும். இரவில் இன்னும் இறங்கும். நனைந்த உடலின் மீது காற்றும் வீசினால், 10 முதல் 15 பாகையிலேயே ஒருவருக்கு உடல்வெப்பக் குறைவு ஏற்படலாம். முதலில் நடுக்கம் வரும். பிறகு பேச்சு குழறும், கால் தடுமாறும். உறைபனி இல்லாத நாட்டிலும் குளிர் உயிரைப் பறிக்கும் என்பதை மலைக்குப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும்.

எனவே, கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு பொருளைப் பற்றியும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம். இரண்டாம் நாள் இரவில், மழையில், இந்தப் பொருள் கைவிட்டுவிட்டால் என்ன ஆகும்? சங்கடம் மட்டும்தான் என்றால் மலிவானது போதும். ஆபத்து என்றால் அங்கேதான் பணத்தைப் போட வேண்டும்.

கால்

முதல் செலவு காலுக்கு என்றாலும் அது பெரிய செலவாக இருக்க வேண்டியதில்லை. கம்பத்துக் கடைகளில் 'அடிடாஸ் கம்போங்' என்று செல்லமாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர் காலணியை நாம் அனைவரும் பார்த்திருப்போம். தோட்டத் தொழிலாளர்களின் கால்களில் சேறு படிந்து கிடக்கும் அதே காலணிதான். முழுவதும் ரப்பர் என்பதால் அது தண்ணீரை உறிஞ்சாது. அடியில் உள்ள குமிழ்கள் சேற்றைப் பற்றிக்கொள்ளும். விலை ஏறத்தாழ 20 ரிங்கிட். அனுபவமுள்ள மலைவழிகாட்டிகள் பலர் இதையே விரும்பி அணிகிறார்கள்.

அதற்கும் குறைகள் உண்டு. அடிப்பாகம் மெல்லியது; கணுக்காலுக்குத் தாங்கல் இல்லை. ஆகவே தடித்த காலுறையோடு அணிந்து பார்த்து, விரல்களுக்கு முன்னால் சிறிது இடம் விட்டு வாங்க வேண்டும். இறக்கத்தில் விரல்கள் முன்னே தள்ளப்படும். இடமில்லாவிட்டால் நகம் கறுத்துவிடும். கணுக்கால் முன்பே சுளுக்கியவர்கள் இதைத் தவிர்த்து, உயரமான மலையேற்றக் காலணிக்குச் செலவிடுவது நல்லது. எந்தக் காலணியானாலும் பயணத்துக்கு முன் சில நாள் அணிந்து நடந்து பழக்க வேண்டும்.

முழங்கால் வரை இழுத்துக் கட்டும் நெருக்கமான நெசவுள்ள அட்டைக் காலுறை ஒரு சோடி வாங்கிக்கொள்ளலாம். அட்டை கடித்தால் இரத்தம் நெடுநேரம் வழிவதற்குக் காரணம், அதன் உமிழ்நீரில் உள்ள ஹிருடின் என்ற பொருள் இரத்தத்தை உறையவிடாமல் தடுப்பதே. பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் ஆபத்தில்லை. காலணி, காலுறைகள் எல்லாம் சேர்த்து 50 ரிங்கிட் ஒதுக்குவோம்.

முதுகு

பெரிய செலவு இங்கேதான். மூன்று இரவுகளுக்கு 45 முதல் 55 லிட்டர் கொள்ளளவுள்ள பை போதும். பெயருக்கும் நிறத்துக்கும் பணம் கொடுக்க வேண்டாம். பார்க்க வேண்டியது இடுப்புப் பட்டை. நல்ல பையில் சுமையின் பெரும்பகுதி தோளில் அல்ல, இடுப்பெலும்பின் மீது இறங்கும். கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்துப் பயனில்லை. உள்ளே எடை வைத்து மாட்டச் சொல்லுங்கள். இடுப்புப் பட்டையை இறுக்கிய பிறகு தோள்பட்டையின் கீழே விரல்களை நுழைக்க முடிந்தால் பை உங்களுக்குப் பொருந்துகிறது. முடியாவிட்டால் அது எவ்வளவு மலிவானாலும் உங்களுக்கு உரியது அல்ல. டெக்கத்லான் போன்ற கடைகளின் சொந்தப் பைகளிலோ, பழைய பொருள் விற்பவர்களிடமோ தேடினால் 180 ரிங்கிட் அளவில் ஒன்றைப் பிடித்துவிடலாம்.

பைக்கு மழையுறை தனியாக வாங்குவதைவிட, கறுப்புக் குப்பைப் பைகளில் தடித்தவை இரண்டை எடுத்து உள்ளே ஒன்றனுள் ஒன்றாக விரித்துப் பொருள்களை வையுங்கள். மழையுறை மேலிருந்து வரும் நீரை மட்டுமே தடுக்கும். ஆற்றைக் கடக்கும்போது விழுந்தால் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் நெகிழிப் பைதான்.

இரவு

காட்டில் பகல் முழுவதும் நனைந்திருக்கலாம். இரவில் மட்டும் நனையக் கூடாது. இதுவே மாற்ற முடியாத விதி. உறங்குவதற்கென ஒரு செட் உடையும் தூக்கப்பையும் தனி நெகிழிப் பையில் கட்டப்பட்டிருக்க வேண்டும். நடக்கும்போது எவ்வளவு நனைந்தாலும் அந்த உடையைத் தொடக் கூடாது. மறுநாள் காலையில் ஈர உடையையே மீண்டும் அணிய வேண்டும். கேட்பதற்குக் கொடுமைதான், ஆனால் பத்து நிமிட நடையில் உடல் சூடாகிவிடும்.

தூக்கப்பை வாங்கும்போது இறகு நிரப்பியதைத் தவிர்த்து, செயற்கை இழை நிரப்பியதைத் தேர்ந்தெடுங்கள். இறகு இலேசானது, சூடானது. ஆனால் நனைந்தால் பயனற்றது. செயற்கை இழை ஈரத்திலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும், விலையும் குறைவு. 10 முதல் 15 பாகைக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்டிருந்தால் நம் தீபகற்ப மலைகளுக்குப் போதும். கீழே விரிக்க நுரைப் பாய் ஒன்று வேண்டும். தரை உடலின் வெப்பத்தை உறிஞ்சிவிடும் என்பதால் பாய் இல்லாமல் நல்ல தூக்கப்பை இருந்தும் பயனில்லை. இவ்விரண்டுக்கும் 120 ரிங்கிட்.

கூடாரம் வாங்க வேண்டாம். நம் நாட்டுக் குழுக்களில் பெரும்பாலோர் 'ஃபிளை ஷீட்' எனப்படும் நீர்புகா விரிப்பை மரங்களுக்கிடையே கயிற்றில் கட்டி, தரையில் ஒரு விரிப்புப் போட்டு, அதன் கீழ் வரிசையாகப் படுத்துக்கொள்கிறார்கள். நான்கு பேர் பகிர்ந்தால் செலவும் குறையும், சுமையும் குறையும். ஆனால் ஆற்றங்கரை ஓரத்தில் கட்டாதீர்கள். மேலே பெய்யும் மழை கீழே 'கெப்பாலா ஆயர்' எனும் திடீர் வெள்ளமாக வரும்போது ஓடுவதற்கு நேரம் இருக்காது.

உடை

இங்கே பணத்தை மிச்சம் பிடிக்கலாம். பருத்தி நீரை உறிஞ்சிப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடலைக் குளிரவைக்கும். ஜீன்ஸ் அதைவிட மோசம். பாலியெஸ்டர் விளையாட்டுச் சட்டை நம் எல்லோரிடமும் உண்டு. விளையாட்டு விழாவில் கிடைத்ததே போதும். குளிருக்கு ஒரு ஃபிளீஸ் மேலாடை வேண்டும். 'பண்டல்' கடைகளில் துழாவினால் 15 ரிங்கிட்டில் கிடைக்கும். மழைக்குத் தடித்த பொஞ்சோ ஒன்றும் குப்பைப் பைகளும் 30 ரிங்கிட்.

வெளிச்சமும் தண்ணீரும்

கைவிளக்கு வேண்டாம்; நெற்றிவிளக்கு வாங்குங்கள். வேரைப் பிடித்து இறங்கும்போது இரண்டு கைகளும் தேவைப்படும். மரங்களின் அடியில் இருள் சீக்கிரமே கவிந்துவிடும். கைப்பேசியின் விளக்கை நம்பிப் போனால், உதவி கேட்க வேண்டிய நேரத்தில் மின்கலன் தீர்ந்திருக்கும். மாற்று மின்கலன்களோடு 40 ரிங்கிட்.

ஆற்று நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி கண்ணுக்குத் தெரியாது. நீர் கொதித்து எழும்பிய பின் ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். எரிவாயு அடுப்பும் பானையும் குழுவுக்குப் பொதுவானவை. விரிப்பையும் சேர்த்து உங்கள் பங்கு 40 ரிங்கிட் என்று கொள்ளலாம். மூடிய கூடாரத்துக்குள் அடுப்பை ஒருபோதும் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு சத்தமின்றிக் கொல்லும்.

விசில், கயிறு, தீப்பெட்டி, முதலுதவி மருந்துகள், கட்டுத்துணி ஆகியவற்றுக்கு எஞ்சிய 25 ரிங்கிட். ஆக மொத்தம் 500. கடைக்குக் கடை விலை மாறலாம்; ஆனால் எதற்கு அதிகம், எதற்குக் குறைவு என்ற விகிதம் மாறாது. அனுமதிச் சீட்டு, வழிகாட்டி, போக்குவரத்து ஆகியவை தனிக் கணக்கு.

எடைக் கணக்கு

மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றி வள்ளுவர் சொன்னது அரசர்களுக்கு மட்டுமல்ல, மலையேறும் மாணவர்களுக்கும் பொருந்தும். பையின் மொத்த எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது தொடக்க நிலையினருக்கு நல்ல அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ.

கணக்கிட்டுப் பாருங்கள். வெறும் பை 1.8 கிலோ, தூக்கப்பையும் பாயும் 1.4, உடை 1.5, விரிப்பிலும் அடுப்பிலும் உங்கள் பங்கு 1.5, சில்லறைப் பொருள்கள் 0.7, இரண்டு லிட்டர் தண்ணீர் 2, நான்கு நாள் உணவு 2.6. மொத்தம் 11.5 கிலோ. இனி அரை கிலோவுக்குத்தான் இடம் உண்டு. டின் உணவுகளை ஏற்றினால் அந்த இடம் ஒரே வேளையில் போய்விடும். அதைவிட மீகூன், வறுத்த நெத்திலி, அம்மா கட்டிக்கொடுக்கும் புளிக்காய்ச்சல், ரசப்பொடி ஆகியவை இலேசானவை, கெடாதவை. குளிரில் சூடான ரசத்துக்கு ஈடான மருந்தில்லை.

ஒத்திகை

பொருள் சேர்ந்துவிட்டது என்பதற்காக முதல் பயணமே தஹானாக இருக்க வேண்டியதில்லை. சிலாங்கூரின் குனோங் நுவாங், 1,493 மீட்டர், உலு லங்காட்டிலேயே இருக்கிறது. அங்கே ஓர் இரவு தங்கிப் பாருங்கள். எந்தப் பொருளைத் தொடவே இல்லை, எது இல்லாமல் தவித்தோம் என்பதை அந்த ஓர் இரவு கற்றுக்கொடுத்துவிடும். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கு 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங் பக்கம். போகும் முன் அனுமதி, வழிகாட்டி பற்றிய விதிகளைக் காட்டிலாகாவிடமோ பூங்கா நிர்வாகத்திடமோ கேட்டறிய வேண்டும். வடகிழக்குப் பருவமழை நவம்பரிலிருந்து மார்ச் வரை நீடிப்பதால், அக்காலத்தில் பகாங், கிளந்தான் பக்கத்துப் பயணங்களைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

கழகத்துக்கு ஒரு வேண்டுகோள்

500 ரிங்கிட்டும் எல்லோரிடமும் இருக்காது. கல்விக் கடனில் படிக்கும் மாணவருக்கு அது ஏறக்குறைய ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு. ஆனால் மேலே சொன்ன பொருள்களில் காலணியையும் உடையையும் தவிர மற்ற எல்லாவற்றையும் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். வேலைக்குப் போய்விட்ட முன்னாள் மாணவர்களின் வீட்டு அலமாரிகளில் எத்தனையோ பைகளும் தூக்கப்பைகளும் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றைக் கழகத்திற்குக் கொடுத்தால், ஓர் அலமாரியும் ஒரு பதிவேடும் இருந்தால் போதும். பத்துப் பேர் கொண்ட குழு ஒன்று ஒவ்வொரு விடுமுறையிலும் மலைக்குப் போய்வரலாம். வாங்கியவர் துவைத்துக் காயவைத்துத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரு விதி போதுமானது.

நம் முன்னோர் இந்நாட்டின் காடுகளுக்குப் போனது வேலைக்காக. அதே காடுகளை நாம் விரும்பிச் சென்று பார்க்கும் காலம் இது. விலைச்சீட்டைப் பார்த்து ஒதுங்கவும் வேண்டாம், எதுவும் இல்லாமல் பாயவும் வேண்டாம். அலமாரியில் கிடக்கும் அந்தப் பையை எடுத்துத் தட்டுங்கள் அண்ணன்மாரே, அக்காமாரே. அதைச் சுமக்க இங்கே தம்பி தங்கைகள் காத்திருக்கிறோம்.