அயற்குருதியும் உடலின் காவலும்

மருத்துவமனையில், "குருதி வகைதான் தெரியுமே! உடனே ஏற்றுவதற்கு என்ன தடை?" என ஆய்வுக்கூட ஊழியரிடம் சினங்கொள்ளும் உறவினரை நாம் கண்டிருக்கிறோம்; நாமே அவ்வாறு சினந்ததும் உண்டு. அந்தக் காத்திருப்பின் பொருளை அறிய, பொருந்தாக் குருதியை உடல் எங்ஙனம் அகற்றுகிறது என்பதை அறிதல் வேண்டும்.

1901இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் குருதி வகைகளை உலகுக்கு அறிவித்தார். சிவப்பணுக்களின் மேற்பரப்பில் ஏ, பி எனும் சர்க்கரை அடையாளங்கள் உள்ளன. தன்னிடம் இல்லாத அடையாளத்திற்கு எதிரான எதிர்ப்பொருளை உடல் குழந்தைப் பருவத்திலேயே ஆக்கி வைத்துக்கொள்கிறது. ஆகவே ஓ வகையினருக்கு ஏ வகைக் குருதியைத் தவறுதலாக ஏற்றினால், ஐஜிஎம் எனும் எதிர்ப்பொருள்கள் அயல் அணுக்களை உடனே பற்றிக்கொள்கின்றன. காம்ப்ளிமென்ட் எனும் புரதத் தொகுதி தூண்டப்பெற்று, அணுவின் சவ்வில் துளையிடுகிறது. நீர் உட்புகுந்து அணு வெடிக்கிறது. வெளியேறிய ஹீமோகுளோபின் சிறுநீரைச் செந்நிறமாக்கும், சிறுநீரகம் செயலிழக்கலாம், உயிரே பிரியவும் கூடும். இதற்கு முழுப் புட்டி ஏற வேண்டுவதில்லை, சிறிதளவே போதும்.

ஆர்எச் வகையில் நிகழ்வது வேறு. இங்கே ஐஜிஜி எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் அணுவை உடைப்பதில்லை. அதன்மேல் படிந்து குறியிடுகின்றன, அவ்வளவே. குறியிடப்பட்ட அணுக்கள் மண்ணீரலைக் கடக்கையில் பெருவிழுங்கு செல்கள் அவற்றை விழுங்குகின்றன. சிலவற்றின் சவ்வை மட்டும் கடித்து உருண்டையாக்கி விடுகின்றன. அவையும் நெடுநாள் பிழைப்பதில்லை. ஏறத்தாழ 120 நாள் உழைத்து மூப்படைந்த நம் சொந்த அணுக்களை அகற்றுவனவும் இவ்வகைச் செல்களே என்பது வியப்பன்றோ!

இனி, பம்பாய் வகைக்கு வருவோம். 1952இல் பெண்டேயும் அவர்தம் குழுவினரும் பம்பாயில் இதனை வெளிப்படுத்தினர். ஏ, பி அடையாளங்களுக்கு அடித்தளமான எச் அடையாளம் ஓ வகையினரிடமும் உண்டு; இவர்களிடமோ அதுவும் இல்லை. எனவே, யாவர்க்கும் பொருந்தும் எனப் போற்றப்படும் ஓ குருதியும் இவர்கள் உடலில் அயலே. அதன் அணுக்களையும் ஐஜிஎம் தாக்கி உடைக்கும். அணுக்களை மட்டும் சோதித்தால் இவர்கள் ஓ வகையினராகவே தோன்றுவர். அட்டையிலும் அவ்வாறே எழுதப்படலாம். நோயாளியின் சீரத்தோடு கொடையாளியின் அணுக்களைக் கலந்து பார்க்கும் பொருத்தப் பரிசோதனையில், அணுக்கள் திரண்டு கட்டியாகும்போதே உண்மை புலனாகும். ஊழியர் நம்மைக் காக்கவைப்பது அந்தச் சோதனைக்காகத்தான்.