இயற்பியல் படித்த பிள்ளைக்கு அடுத்து என்ன?



ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் கல்வி உதவி கேட்டு நமது டிரஸ்டுக்கு வருபவர்களில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்த பிள்ளைகளும் உண்டு. "மேற்கொண்டு என்ன படிக்கலாம்?" என்று கேட்பார்கள். நாம் சொல்ல நினைக்கும் நல்ல வழி ஒன்றின் நுழைவுத்தேர்வு பிப்ரவரியிலேயே முடிந்திருக்கும். ஆகவே இம்முறை முன்கூட்டியே எழுதுகிறோம்.

அந்த வழி ஒளியியல் உயர்படிப்பு. ஒளியைக் கொண்டு படம் எடுப்பதும், ஒளியைக் கொண்டு அளவு அறிவதும் இதன் பாடம். பெயர் புதிது, பயன் நமக்குப் பழக்கமானதே. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டரை நினைத்துப் பாருங்கள். அது சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்துகிறது. ஆக்சிஜன் குறைந்த இரத்தம் சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். இரண்டையும் ஒப்பிட்டே அந்த எண் வருகிறது. ஊசி குத்தும் வேலையே இல்லை.

சர்க்கரை நோயாளிகளுக்குக் கண் மருத்துவமனையில் எடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும் இவ்வகையே. 1991-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்களும் உடனிருந்தோரும் இதை உலகுக்கு அறிவித்தனர். விழித்திரையின் அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு, தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய மாற்றத்தையும் அது காட்டிவிடும்.

இத்தகைய கருவிகளை உருவாக்கக் கற்பதற்கு இரண்டு படிகள் உள்ளன. முதற்படி இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. இயற்பியல். சென்னை உள்ளிட்ட ஐ.ஐ.டி.க்களில் சேர 'ஜாம்' தேர்வு எழுத வேண்டும். பட்டப்படிப்பின் இறுதியாண்டிலேயே எழுதலாம். அடுத்தது எம்.டெக். டெல்லி ஐ.ஐ.டி.யில் பயன்பாட்டு ஒளியியலும், கொச்சி பல்கலைக்கழகத்தின் போட்டானிக்ஸ் பள்ளியில் லேசர் தொழில்நுட்பமும் உள்ளன. 'கேட்' தேர்வில் தகுதி பெற்று எம்.டெக். சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு.

இரு தேர்வுகளும் பிப்ரவரியை ஒட்டி நடக்கும். விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில். பெண்களுக்குக் கட்டணம் குறைவு.

ஒரு முக்கிய விஷயம். நம்மிடம் உள்ள பி.சி.எம். சான்றிதழ் மாநில அரசுக்கு உரியது. ஐ.ஐ.டி.யில் இட ஒதுக்கீடு பெற மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். லப்பை, ராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் 'கிரீமி லேயர்' வரம்புக்குள் வராதவராக இருக்க வேண்டும். நடப்பு நிதியாண்டின் சான்றிதழைக் கேட்பதால், ஏப்ரலுக்குப் பின் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு காகிதம் இல்லாமல் இடத்தை இழக்கக் கூடாது.

படித்தவுடன் உள்ளூரிலேயே வேலை கிடைக்கும் என்று சொல்ல மாட்டோம். டேராடூனில் ராணுவ ஒளிக்கருவி ஆய்வகம், பெங்களூரில் இஸ்ரோவின் ஒளியியல் பிரிவு, கருவி செய்யும் நிறுவனங்கள் என்று வெளியூர் போக வேண்டியிருக்கும். பெண் பிள்ளை என்றால் வீட்டில் தயக்கம் வருவது இயல்பு. அதற்காகத் தேர்வு எழுதுவதையே நிறுத்திவிடாதீர்கள். எழுதட்டும், இடம் கிடைத்தபின் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம்.

இறுதியாண்டில் உள்ள பிள்ளைகளை ஆகஸ்ட் மாதத்திலேயே டிரஸ்ட் அலுவலகத்திற்கு அழைத்து வாருங்கள். விண்ணப்பம் நிரப்ப நாங்கள் உடனிருப்போம், இன்ஷா அல்லாஹ்.