படிப்பும் ஒரு சேமிப்புதான்



பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வரும் மாதத்தில் நம்ம குழுக் கூட்டங்களில் கடன், வசூல் பேச்சோடு பிள்ளைகள் பேச்சும் சேர்ந்தே வரும். "அவ மகளுக்கு மூளை இருக்கு, எம்மகனுக்குப் படிப்பு மண்டையில ஏறல", "எல்லாம் அவன் தலையெழுத்து", "நாங்களே படிக்கல, எம்புள்ள எங்க படிக்கப் போவுது" என்று பெருமூச்சு விடும் தாய்மார்கள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள். அந்தப் பெருமூச்சோடு ஒரு முடிவும் வந்துவிடுகிறது. பையனாக இருந்தால் கூலி வேலைக்கு. பெண்ணாக இருந்தால் மில்லுக்கு, இல்லையென்றால் கல்யாணத்துக்கு. பதினைந்து வயதில் எடுக்கிற முடிவு அந்தப் பிள்ளையின் மீதி வாழ்க்கை முழுதும் கூடவே வருகிறது. அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பேசுவோம்.

பிள்ளைகளுக்குள் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஒருத்தி ஒரு தடவை கேட்டதும் பிடித்துக்கொள்வாள். இன்னொருத்திக்கு நாலு தடவை சொல்லணும். ஆனால் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற ஒவ்வொரு பாடத்திலும் 35 மார்க் வேண்டும். அந்த 35ஐத் தாண்டி நல்லபடியாக மேலே போக அபார மூளை தேவையில்லை. தினமும் உழைப்பு வேண்டும், சில நேரங்களில் சரியான முடிவு வேண்டும். உழைப்பு பிள்ளையோடது. முடிவில் பாதி நம்மோடது.

சிறுகச் சிறுக

நம்ம குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். 15 பேர் வாரம் 20 ரூபாய் போட்டால் வாரத்துக்கு 300 ரூபாய். வருஷத்துக்கு 52 வாரம், 15,600 ரூபாய். "வருஷக் கடைசியில மொத்தமா 1,040 ரூபாய் கொண்டு வாங்க" என்று சொல்லியிருந்தால் எத்தனை பேரால் முடிந்திருக்கும்?

படிப்பும் அப்படித்தான். பள்ளி விட்டு வந்து தினமும் ஒரு மணி நேரம் படித்தால், ஜூன் முதல் பிப்ரவரி வரை 9 மாதத்தில் சுமார் 270 மணி நேரம் சேரும். தேர்வு மாதத்தில் மட்டும் விழித்து தினமும் 5 மணி நேரம் படித்தாலும் 150 மணி நேரம்தான். அதிலும் பயம், தூக்கக் கலக்கம், தலைவலி எல்லாம் கூட வரும். தினமும் படித்த பிள்ளை கடைசி மாதத்தில் திருப்பிப் பார்த்தால் போதும். படிக்காத பிள்ளை அப்போதுதான் முதல் பாடத்தைத் திறக்கும்.

மூடி வச்சு சொல்லு

"எம்புள்ள ராத்திரி பூரா புத்தகமும் கையுமாத்தான் இருக்கா, ஆனா மார்க் வரல" என்று சொல்கிறவர்களும் உண்டு. இங்கே உழைப்பு இருக்கிறது, உழைக்கும் முறைதான் சரியில்லை.

2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எல்லோருக்கும் ஒரே பாடம். ஒரு பகுதியினர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் வாசித்துவிட்டு, தாளை எடுத்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களே கூடுதலாக எழுதினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள்.

நம்ம பிள்ளைகளுக்கு வருகிற தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை, மாதக் கணக்கில் கழித்து வருகிறது. அதனால் படிக்கிற முறையை இப்படி மாற்றச் சொல்லுங்கள். ஒரு பக்கம் வாசிக்கணும். புத்தகத்தை மூடணும். என்ன படித்தோம் என்று வாய்விட்டுச் சொல்லணும், அல்லது எழுதணும். பிறகு திறந்து, விட்டது எது என்று பார்க்கணும். மறுநாள் ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை அதையே மூடி வைத்துச் சொல்லணும். முதலில் தடுமாறும், கஷ்டமாக இருக்கும். அந்தக் கஷ்டப்பட்டு நினைவுக்குக் கொண்டு வருவதுதான் மனதில் பதிய வைக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் உதவலாம்

"எனக்கே கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும், நான் என்னத்தச் சொல்லித் தர?" என்று தயங்க வேண்டாம். சொல்லித் தருவது ஆசிரியர் வேலை. கேட்பது நம்ம வேலை. அடுப்படியில் இருந்துகொண்டே, "இன்னைக்கு என்ன பாடம் நடத்துனாங்க? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு பாப்போம்" என்று கேளுங்கள்.

பிள்ளை நம்ம பேச்சிலேயே விளக்கிச் சொன்னால் அதற்குப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். புத்தக வார்த்தையை அப்படியே ஒப்பித்துவிட்டு, "அப்படின்னா என்னா?" என்று நாம் கேட்டதும் முழித்தால், இன்னும் புரியவில்லை. மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் ஆக்குவதில்லை. அதனால் வாசிக்கத் தடுமாறும் பிள்ளையும் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட முடியும். பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டியிருந்தால் வீட்டிலேயே பாருங்கள். ரேஷன் கார்டில் எழுதியிருப்பதை, மளிகைக் கடையில் பேப்பரில் மடித்துக் கொடுப்பதை, பேருந்துப் பலகையை வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம். உடனே வகுப்பாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள்.

கணக்குக்கு நம்ம குழுக் கணக்கே போதும். "5,000 ரூபாய் உள்கடன். மாசம் நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி. மாசம் 500 ரூபாய் அசல் கட்டுறேன். மீதி அசலுக்குத்தான் வட்டி. பத்து மாசத்துல மொத்தம் எவ்வளவு வட்டி கட்டியிருப்பேன்?" என்று ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். முதல் மாதம் 50, அடுத்த மாதம் 45 என்று குறைந்து கடைசி மாதம் 5. கூட்டினால் 275 ரூபாய். பிள்ளைக்குக் கணக்கும் வரும், நமக்கும் நம்ம கடன் தெளிவாகும்.

வீட்டில் நாம் எடுக்கும் முடிவுகள்

உழைக்கச் சொன்னால் மட்டும் போதாது, உழைக்க நேரம் கொடுக்கணும்.

• தண்ணீர் எடுப்பது, பாத்திரம் துலக்குவது, தம்பி தங்கையைப் பார்ப்பது எல்லாம் பெண் பிள்ளை தலையில், பையன் விளையாடப் போகிறான் என்றால் படிக்கும் நேரம் யாருக்கு மிஞ்சும்? வேலையைப் பங்கு போடுங்கள். பையனும் பாத்திரம் துலக்கட்டும்.

• கூட்டம், சந்தை, நாத்து நடவு என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டாம். கணக்கில் ஒரு நாள் விட்டால் அடுத்த நாள் பாடமும் புரியாது. வசூலில் ஒரு தவணை விட்டால் அடுத்த தவணை எப்படிக் கனக்கிறது என்று நமக்குத் தெரியுமே.

• படிக்கிற ஒரு மணி நேரம் டிவியை நிறுத்துங்கள். செல்போன் நம்ம கையில் இருக்கட்டும். பிள்ளைக்கு மட்டும் தடை போட்டுவிட்டு நாம் சீரியல் பார்த்தால் அதன் காது இங்கேதான் இருக்கும்.

• தூக்கத்தைக் குறைக்க வேண்டாம். 13 முதல் 18 வயதுள்ள பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இரவு ஒன்பதரைக்குப் படுத்தால் காலை ஐந்தரைக்கு எழுந்து தெளிவாகப் படிக்கலாம்.

• அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். போன தேர்வில் 28, இந்தத் தேர்வில் 36 என்றால் அதைப் பாராட்டுங்கள்.

எட்டாம் வகுப்பில் ஒரு வாய்ப்பு

தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் திட்டம் என்று மத்திய அரசுத் திட்டம் ஒன்று 2008ல் தொடங்கப்பட்டது. எட்டாம் வகுப்பு படிக்கும் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கான தேர்வு இது. தேர்ச்சி பெற்றுப் பட்டியலில் வந்தால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் என்ற கணக்கில் நாலு வருஷத்துக்கு 48,000 ரூபாய். பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கணும். ஏழாம் வகுப்பில் 55 சதவீத மார்க் வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு.

பல வீடுகளில் இந்தத் தேர்வின் பேர்கூடத் தெரியாது. ஏழாம் வகுப்பிலிருந்தே தயாராகணும். வருமானச் சான்றிதழ், பிள்ளை பேரில் வங்கிக் கணக்கு இரண்டையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அந்தந்த வருஷ விண்ணப்பத் தேதி, விதிகளைத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

கடன் வாங்கித் தனியார் பள்ளியா?

குழுக் கடனில் பெரும் பகுதி பள்ளிக் கட்டணத்துக்கே போகிறது என்று பல குழுக்களில் பார்க்கிறோம். எந்தப் பள்ளி என்பது உங்கள் விருப்பம். ஆனால் முடிவெடுக்கும் முன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் சட்டமாக வந்தது. 2021ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் வந்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022லும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024லும் தொடங்கப்பட்டன. இடையில் ஏழாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்த உரிமைகள் கைவிட்டுப் போகக்கூடும். மாற்றும் முன் பள்ளியில் கேட்டு, கடனையும் கணக்குப் போட்டு முடிவெடுங்கள்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு

"பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்த குரூப்லயே எம்பையனும்" என்று சேர்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. மருத்துவப் படிப்புக்கு உயிரியல் வேண்டும். பொறியியலுக்குப் பெரும்பாலும் கணக்கு வேண்டும். வணிகவியல், கணக்குப் பதிவியல் எடுத்தால் வங்கி, ஆடிட்டர் அலுவலகம் போன்ற பக்கம் போகலாம். பிள்ளைக்கு எதில் ஆர்வம், எதில் மார்க் வருகிறது என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பதினொன்றாம் வகுப்பு மட்டும்தான் வழி என்றும் இல்லை. ஐ.டி.ஐ. இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பாலிடெக்னிக் டிப்ளமா முடித்தவர்கள் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென் துருவப் பகுதி அருகே இறங்கிய சந்திரயான் 3 திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அங்கே ரயில்வே பள்ளியில் படித்தார். பிறகு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, பொறியியல் படித்து, அதன் மேல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சிப் பட்டம் வரை போனார். டிப்ளமா என்றால் படிப்பு முடிந்தது என்று நினைப்பவர்கள் இவரை நினைத்துப் பார்க்கட்டும்.

தவறிவிட்டால்?

ஒரு பாடமோ இரண்டு பாடமோ போய்விட்டால் வீடே எழவு வீடு மாதிரி ஆகிவிடுகிறது. வேண்டாம். அதே வருஷம் துணைத் தேர்வு வருகிறது. அதில் தேறினால் அந்த வருஷமே மேலே சேரலாம், ஒரு வருஷமும் வீணாகாது. ரிசல்ட் வந்த வாரத்திலேயே பள்ளிக்குப் போய் விண்ணப்பம் போடணும். அந்த நாட்களில் பிள்ளையைத் தனியாக விட வேண்டாம், குத்திப் பேச வேண்டாம். "போனது ஒரு பாடம்தான் கண்ணு, எழுதிக்கலாம்" என்று அம்மா சொல்லும் ஒரு வார்த்தை பெரிய மருந்து.

தவறிய பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஓட வேண்டாம். 18 வயது முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குற்றம். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பதும், 18 வயதுக்குட்பட்டவர்களை ஆபத்தான வேலைக்கு வைப்பதும் சட்டப்படி குற்றம். இப்படி நடப்பது தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம்.

குழுவாக என்ன செய்யலாம்?

1. மாதம் ஒரு கூட்டத்தில், "நம்ம பிள்ளைங்க யாராவது பள்ளிக்கூடம் போகாம இருக்காங்களா?" என்ற கேள்வியைத் தீர்மான நோட்டில் ஒரு பொருளாக எழுதுங்கள். இருந்தால் இரண்டு உறுப்பினர்கள் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.

2. ஜூன் மாதச் செலவுக்குக் கந்துவட்டிக்குப் போகாமல் இருக்க, ஏப்ரல் மாதத்திலேயே யார் யாருக்குப் படிப்புக்காக உள்கடன் வேண்டும் என்று பட்டியல் எடுங்கள்.

3. ஒரு வீட்டுத் திண்ணையிலோ குழுக் கட்டடத்திலோ மாலை ஒரு மணி நேரம் பிள்ளைகள் சேர்ந்து படிக்க இடம் கொடுங்கள். கல்லூரி போகும் நம்ம பெண்கள் முறை வைத்து உட்காரட்டும்.

4. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர் இருக்கணும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். ஆசிரியர் குறை, கழிப்பறை, குடிதண்ணீர் எல்லாம் பேச வேண்டிய இடம் அதுதான்.

வங்கி வாசல்படி ஏறத் தயங்கிய நாம்தான் இன்று மேலாளரோடு உட்கார்ந்து கடன் பேசுகிறோம். வாரம் தவறாமல் கூடியதும், சேமித்ததும், கணக்குப் பார்த்து முடிவெடுத்ததும்தான் நம்மை இங்கே கொண்டு வந்தன. அதே பழக்கம் நம்ம பிள்ளைகளுக்கும் கைகொடுக்கும். இன்று ராத்திரி சோறு போடும்போது, "இன்னைக்கு என்ன படிச்ச, மூடி வச்சு சொல்லு" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நாளைக்கும் கேளுங்கள்.