எந்தச் சர்டிபிகேட் சோறு போடும்?

கோவில்பட்டி என்றதும் இரண்டு பொருள்கள் நினைவுக்கு வரும். ஒன்று தீப்பெட்டி. மற்றொன்று கடலை மிட்டாய். அந்த மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

இப்போது கரிசல் சீமை வீடுகளில் மூன்றாவதாக ஒரு பேச்சு கேட்கிறது. அதுதான் கம்ப்யூட்டர் சர்டிபிகேட்!

பிளஸ் 2 முடித்த பையன் கேட்கிறான். டிப்ளமா முடித்த பெண் கேட்கிறாள். "நெட்வொர்க் படிப்பு படித்தால் உடனே வேலையாம். பணம் வேண்டும்" என்கிறார்கள்.

பணத்துக்கு எங்கே போவது? ஐப்பசியில் மழை பெய்தால் பருத்தியும் உளுந்தும் வரும். பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆலைக் கூலிதான். அதுவும் போதாவிட்டால் தாயின் காதில் கிடக்கும் கம்மல்!

"ஏல, இம்புட்டு ரூவா கட்டுனா வேலை நிச்சயமா கெடைக்குமால?" என்று தாய் கேட்கிறாள். பிள்ளையிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தெரிந்துகொண்ட பிறகே பணப்பையைத் திறக்கவேண்டும்.

அது என்ன வேலை?

ஒரு பாங்கியில் பத்து கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, வெளியூர்க் கிளைகளோடும் சேர்ப்பது நெட்வொர்க். கணக்குகளை எல்லாம் வைத்திருந்து, கேட்டவர்க்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் பெரிய மெஷினுக்கு செர்வர் என்று பெயர். இரண்டும் இரவு பகல் ஓயாமல் ஓடவேண்டும். ஓடும்படி பார்த்துக்கொள்பவரே நெட்வொர்க் நிர்வாகி, செர்வர் நிர்வாகி.

தபால் இலாகாவைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். கோவில்பட்டியின் பின்கோடு 628501. முதல் எண்ணான 6, தென் பகுதியைக் குறிக்கும். முதல் மூன்று எண்களான 628, தூத்துக்குடி வட்டாரத்தைக் காட்டும். கடைசி மூன்று எண்கள் எந்தத் தபால் ஆபீசு என்று சொல்லும். டெல்லியில் தபால் பிரிப்பவருக்கு கோவில்பட்டியில் எந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டியதில்லை. முன் எண்களைப் பார்த்தே மூட்டையைத் தெற்கே அனுப்பிவிடுவார்.

கம்ப்யூட்டர் உலகத்திலும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொரு மெஷினுக்கும் ஓர் எண் உண்டு. அதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர். அதன் முன்பகுதி எந்த நெட்வொர்க் என்று சொல்லும். பின்பகுதி எந்த மெஷின் என்று சொல்லும். முன்பகுதியைப் பார்த்துத் தகவலை வழியனுப்பும் பெட்டியே ரூட்டர். ஒரே கட்டடத்துக்குள் மெஷின்களை இணைக்கும் பெட்டி ஸ்விட்ச்.

ஒரு தீப்பெட்டி ஆலையை எடுத்துக்கொள்வோம். ஆபீசு, பாக்கிங், குடோன், காவல் காமிரா என்று நாலு பிரிவு. கையில் இருப்பவை 256 எண்கள். நாலாகப் பிரித்தால் பிரிவுக்கு 64. அவற்றில் முதல் எண்ணும் கடைசி எண்ணும் மெஷினுக்குக் கொடுக்கக்கூடாதவை. மீதி 62 மெஷின்களுக்கு இடம் உண்டு.

வேலைக்கான பேட்டிகளில் இப்படிப்பட்ட கணக்கைத்தான் கேட்கிறார்கள். வகுத்தல், பெருக்கல் தெரிந்த பிள்ளைக்கு இது பெரிய வித்தை அல்ல.

செத்துப்போன சர்டிபிகேட்டுகள்

சர்டிபிகேட்டுக்கும் ஆயுள் உண்டு என்பதைப் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

1990களில் நாவெல் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சி.என்.இ. சர்டிபிகேட்டுக்கு ஏக மதிப்பு. அந்தக் கம்பெனியின் நெட்வேர் சரக்கு சந்தையில் இறங்கியது. சர்டிபிகேட்டின் மதிப்பும் அதோடு இறங்கிவிட்டது.

பிறகு மைக்ரோசாப்ட் கம்பெனியின் எம்.சி.எஸ்.இ. கொடிகட்டிப் பறந்தது. அதற்கான பரீட்சைகளை அந்தக் கம்பெனியே 2021 ஜனவரி 31ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. எம்.டி.ஏ. என்ற தொடக்கநிலைப் பரீட்சையும் 2022 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்தது. ஆகவே, "எம்.சி.எஸ்.இ. சொல்லித் தருகிறோம், சர்டிபிகேட்டும் வாங்கித் தருகிறோம்" என்று இன்று யாராவது சொன்னால், அந்தப் படி ஏறாமலே திரும்பிவிடலாம்!

கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டிலேயே விவசாய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. கரிசலுக்கு ஏற்ற கருங்கண்ணிப் பருத்தி வகைகள் அங்கிருந்து வந்தன. எந்த மண்ணுக்கு எந்த விதை என்று பார்த்து விதைப்பது இந்தச் சீமைக்குப் பழகிய விஷயம். சர்டிபிகேட் விஷயத்திலும் அதே கண் வேண்டும்.

முதல் படி

கம்ப்யூட்டரைத் திறந்துகூடப் பார்க்காத பிள்ளை, நேராக ரூட்டருக்குப் போகக்கூடாது. மெஷினின் உறுப்புகள், பழுது பார்ப்பது, விண்டோஸ் போடுவது, கேபிள் இணைப்பது ஆகியவை முதலில் வேண்டும்.

காம்ப்டியா என்ற அமைப்பின் ஏ பிளஸ் இதற்கான பரீட்சை. அதில் இரண்டு தாள்கள். இரண்டுக்கும் தனித்தனியே பணம் கட்டவேண்டும். அமெரிக்காவில் அதற்கு நல்ல மதிப்பு. நம் நாட்டு விளம்பரங்களில் அந்தப் பெயர் அவ்வளவாகத் தென்படுவதில்லை. ஆகவே பாடத்தைப் படித்தால் போதும். கையில் பணம் இல்லாதவர் அந்தப் பரீட்சையை எழுதியே தீரவேண்டும் என்பதில்லை.

பத்தாவது பாஸ் செய்தவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் ஒரு வழி இருக்கிறது. கம்ப்யூட்டர் ஹார்டுவேர், நெட்வொர்க் பராமரிப்பு என்ற ஓராண்டுத் தொழிற்பிரிவு அது. எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இராது. விசாரித்துச் சேரவேண்டும்.

நெட்வொர்க்குக்கு சி.சி.என்.ஏ.

நம் நாட்டில் நெட்வொர்க் வேலைக்கு அதிகம் பேர் கேட்கும் தொடக்கச் சர்டிபிகேட் சி.சி.என்.ஏ. ரூட்டர்களும் ஸ்விட்சுகளும் செய்யும் சிஸ்கோ கம்பெனி இதை 1998ஆம் ஆண்டில் தொடங்கியது. முன்பு இதில் பல கிளைகள் இருந்தன. 2020 பிப்ரவரி 24 முதல் அவை ஒரே பரீட்சையாகிவிட்டன. அந்தப் பரீட்சையின் எண் 200-301. நேரம் 120 நிமிடம்.

பட்டம் வேண்டியதில்லை. வேறு சர்டிபிகேட்டும் முன்கூட்டி வேண்டியதில்லை. 2025 நிலவரப்படி கட்டணம் 300 டாலர். வரியையும் சேர்த்தால் முப்பதாயிரம் ரூபாயைத் தொடும். டாலர் விலை ஏறினால் இதுவும் ஏறும். தோற்றால் பணம் திரும்பி வராது. ஐந்து நாள் கழித்து, மறுபடியும் முழுப் பணம் கட்டித்தான் எழுதவேண்டும். பாஸ் செய்தால் மூன்று ஆண்டுக்குச் செல்லும்.

இவ்வளவு பணத்தை முதல் தடவையிலேயே போடப் பயப்படுகிறவர்களுக்காக சி.சி.எஸ்.டி. என்ற சிறிய பரீட்சையையும் சிஸ்கோ நடத்துகிறது. நேரம் 50 நிமிடம். கட்டணமும் குறைவு. ஆனால் வேலை கொடுப்பவர் கேட்பது பெரும்பாலும் சி.சி.என்.ஏ.யைத்தான் என்பதை மறக்கக்கூடாது.

செர்வருக்கு லினக்ஸ்

உலகத்தின் செர்வர்களில் மிகப் பல லினக்ஸில் ஓடுகின்றன. பின்லாந்து நாட்டு மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்டு, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்த ஏற்பாடு அது.

லினக்ஸ் தெரியும் என்று காட்ட மதிப்புள்ள சர்டிபிகேட், ரெட் ஹாட் கம்பெனியின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. இது நாலு விடை கொடுத்து ஒன்றில் குறிபோடச் சொல்லும் பரீட்சை அல்ல. மெஷினை முன்னால் வைத்து, "இதைச் செய், அதைச் சரிசெய்" என்பார்கள். மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டாலும் செய்த வேலை நிலைத்திருக்க வேண்டும். 300க்கு 210 வாங்கினால் பாஸ். மனப்பாடம் இங்கே செல்லாது!

அதற்கு முன் அடிப்படையைச் சோதித்துப் பார்க்க எல்.பி.ஐ. அமைப்பின் லினக்ஸ் எசென்ஷியல்ஸ் இருக்கிறது. அதற்கு காலாவதியே இல்லை.

வாடகை செர்வர்

சொந்தமாக செர்வர் வாங்காமல், தூரத்தில் உள்ள பெரிய கம்பெனிகளிடம் வாடகைக்கு எடுப்பது இப்போது பெருகிவிட்டது. இதற்கு கிளவுட் என்று பெயர். அமேசான், மைக்ரோசாப்ட் ஆகியவை இந்த வியாபாரத்தில் பெரியவை. இரண்டும் தொடக்கப் பரீட்சை நடத்துகின்றன.

ஆனால் ஐ.பி. முகவரியும் லினக்ஸும் தெரியாமல் கிளவுட் சர்டிபிகேட் மட்டும் வாங்குவது, கிணறு இல்லாமல் கமலை வாங்குவது போலத்தான்.

சல்லிக்காசு இல்லாமல் பழகலாம்

ரூட்டர் விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி 1997 முதல் நடக்கிறது. அதில் பெயர் பதிந்தால் பாக்கெட் டிரேசர் என்ற சாப்ட்வேர் இலவசம். கம்ப்யூட்டர் திரையிலேயே ரூட்டர், ஸ்விட்ச், கேபிள் எல்லாம் வைத்து இணைத்துப் பார்க்கலாம்.

விர்ச்சுவல் பாக்ஸ் என்ற இலவச சாப்ட்வேரைப் போட்டால், ஒரே பழைய கம்ப்யூட்டருக்குள் இரண்டு லினக்ஸ் செர்வர்களை ஓட்டலாம். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் நெட்வொர்க் பாடங்கள் என்.பி.டி.இ.எல். மூலம் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ்நாடு அரசாங்கத்தின் "நான் முதல்வன்" திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியது. கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் படிப்பவர்கள் அதில் இவ்வாண்டு என்ன பயிற்சி உண்டு என்று தங்கள் ஆசிரியரைக் கேட்கலாம்.

முதல் மூன்று மாதம் இப்படிப் பழகட்டும். அதற்குள் ஆசை தீர்ந்துவிட்டால் நஷ்டம் இல்லை. ஆசை வளர்ந்தால் பிறகு பணம் கட்டலாம். நெட்வொர்க் பிடித்தால் முதலில் சி.சி.என்.ஏ. செர்வர் பிடித்தால் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. இரண்டையும் ஒரே சமயத்தில் பிடிக்கவேண்டாம். ஒன்றை முடித்து, வேலைக்குப் போய், சம்பளத்தில் அடுத்ததை எழுதலாம்.

பணம் கட்டுமுன் ஐந்து கேள்விகள்

பயிற்சி நிலையத்துக்குப் போகும் தகப்பனார் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கவேண்டும்.

1. நீங்கள் கேட்கும் பணத்தில் கம்பெனியின் பரீட்சைக் கட்டணம் அடங்கியதா, தனியா?

2. கொடுக்கப்போவது உங்கள் நிலையத்தின் சர்டிபிகேட்டா, சிஸ்கோ அல்லது ரெட் ஹாட்டின் சர்டிபிகேட்டா?

3. பரீட்சையின் எண் என்ன? அது இன்றும் நடக்கிறதா?

4. பிள்ளை தினமும் எத்தனை மணி நேரம் மெஷினில் உட்காருவான்?

5. நடுவில் நின்றால் எவ்வளவு பணம் திரும்பும்?

நிலையம் கொடுக்கும் சர்டிபிகேட் வேறு, கம்பெனி கொடுக்கும் சர்டிபிகேட் வேறு. அழகான தாளில் அச்சடித்துக் கொடுப்பதால் ஒன்று மற்றொன்றாகிவிடாது.

"நூற்றுக்கு நூறு பாஸ்" என்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. சிலர் வெளியே கசிந்த கேள்விகளை விற்கிறார்கள். சிலர் ஆள் மாறாட்டம் செய்து எழுதித் தருவதாகவும் சொல்கிறார்கள். கண்டுபிடித்தால் சர்டிபிகேட் ரத்து. மேற்கொண்டு பரீட்சை எழுதவும் தடை வரும். பிடிபடாவிட்டாலும், பேட்டியில் அந்த 256 எண் கணக்கைக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்!

வேலை எங்கே?

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் கங்கைகொண்டானில் எல்காட் தகவல் தொழில்நுட்ப வளாகம் இருக்கிறது. மதுரையில் இலந்தைக்குளத்தில் ஒன்று இருக்கிறது. தூத்துக்குடியில் துறைமுகம் இருக்கிறது. ஆஸ்பத்திரிகள், கல்லூரிகள், பாங்கிகள், கேபிள் இணைப்புக் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் நெட்வொர்க் ஆள் தேவை. 12,525 கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கேபிளால் இணைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசாங்கம் எடுத்திருக்கிறது. கேபிள் போனால், பழுதும் வரும். பழுது வந்தால், பார்க்க ஆளும் வேண்டும்.

பட்டணத்தில்தான் இந்தத் தொழில் நடக்கும் என்பதும் இல்லை. 1996ஆம் ஆண்டில் ஸ்ரீதர் வேம்பு முதலியோர் தொடங்கிய அட்வென்ட்நெட் கம்பெனி, நெட்வொர்க்குகளைக் கண்காணிக்கும் சாப்ட்வேரைத்தான் முதலில் செய்தது. அதுவே பிறகு சோகோ ஆயிற்று. தென்காசி பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் அதன் ஆபீசு இருக்கிறது. பிளஸ் 2, டிப்ளமா படித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையும் கொடுத்து அந்தக் கம்பெனி பயிற்சி அளிக்கிறது. அங்கே பார்ப்பது திறமையை.

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. சர்டிபிகேட் பேட்டிக்குள் நுழைய உதவும். வேலையை அது வாங்கித் தராது. முதல் வேலை பெரும்பாலும் போனில் புகார் கேட்பதும், கேபிள் இழுப்பதுமாகத்தான் இருக்கும். முதல் சம்பளம் பெரிதாக இராது. இரவு ஷிப்டும் உண்டு. பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், வண்டி வசதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பரீட்சையும் பேட்டியும் இங்கிலீஷில் நடக்கும். தமிழில் படித்த பிள்ளை பயப்பட வேண்டாம். தினம் ஒரு பக்கம் இங்கிலீஷில் படித்து, அதைத் தமிழில் வீட்டாருக்கு விளக்கிச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

பாஸ் செய்த அன்றே இன்னொரு வேலையும் இருக்கிறது. சர்டிபிகேட் காலாவதியாகும் தேதியைச் சுவர்க் காலண்டருக்குப் பின்னால் எழுதிவைக்க வேண்டும். சி.சி.என்.ஏ.யும் ஆர்.எச்.சி.எஸ்.ஏ.யும் மூன்று ஆண்டுக்கு மேல் செல்லாது. அதற்குள் வேலையில் அமர்ந்தவர்கள், புதுப்பிக்கும் செலவைக் கம்பெனி ஏற்குமா என்று கூசாமல் கேட்கலாம். ஏற்கும் கம்பெனிகள் இருக்கின்றன.