பீங்கானும் உலோகமும் சேரும் இடம்

புது தில்லி: குடியரசு தின அணிவகுப்பில் ஏவுகணைகளும் ரேடார்களும் வலம் வருகின்றன. அந்த ரேடார்களின் உயிரான நுண்ணலைக் குழாய்களை எவரும் கண்டதில்லை. ராஜஸ்தான் மாநிலம் பிலானியில், 1953-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்னணுப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் நெடுங்காலமாக ஈடுபட்டு வருகிறது.

குழாய்க்குள் இருப்பது வெற்றிடம். அதில் பாய்வது பல ஆயிரம் வோல்ட். மின்சாரத்தைக் கடத்த உலோகம் வேண்டும். தடுக்கப் பீங்கான் வேண்டும். இரண்டையும் காற்றுப் புகாமல் இணைப்பதில்தான் சிக்கல். உருகிய பற்றாசு, தாமரை இலைத் தண்ணீரைப் போல், பீங்கான் மீது ஒட்டாமல் உருண்டோடிவிடும். எனவே அலுமினாப் பீங்கான் மீது மாலிப்டினம், மாங்கனீசுக் கலவையைப் பூசி, ஹைட்ரஜன் சூளையில் சுட்டு, நிக்கல் முலாம் இடுகின்றனர். அதன் பிறகே 72 சதவீத வெள்ளியும் 28 சதவீதத் தாமிரமும் கொண்ட பற்றாசு, 780 டிகிரி செல்சியஸில் உருகி இடுக்கில் பரவுகிறது. பற்றாசில் சிறிது டைட்டானியம் சேர்த்தால் பூச்சே தேவையில்லை. ஆனால், உயர் வெற்றிடச் சூளை போன்ற வசதி வேண்டும். அதற்குச் செலவு அதிகம்.

குளிரும்போது இன்னொரு கண்டம். தாமிரம் அலுமினாவைவிட இருமடங்குக்கும் மேல் சுருங்கும். பீங்கான் விரிசல் விடும். அதனால், இரும்பு, நிக்கல், கோபால்ட் கலந்த கோவார் பயன்படுத்தப்படுகிறது.

1998 பொக்ரான் சோதனைகளுக்குப் பின் அமெரிக்கா விதித்த தடைகள், இத்தகைய நுட்பங்களை இறக்குமதியாக நம்புவதன் ஆபத்தைத் தில்லிக்கு உணர்த்தின. பெங்களூரில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் நுண்ணலைக் குழாய் மையம் அதற்கு முன்பே, 1984-ல், தொடங்கப்பட்டுவிட்டது. இணைப்புகளின் மீது ஹீலியம் வாயுவைச் செலுத்திக் கசிவு பார்ப்பது வழக்கம்; மிகச் சிறிய கசிவு தெரிந்தாலும் குழாய் கழிக்கப்படும்.